ஊருக்குப் போகாத கார்: ரேவாவும் அதன் தம்பியும்

"இது நம்ம ஊருக்குப் போகுமாடா?"

2013-ல் ஒரு மின்சாரக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில் கேட்டது இந்த ஒரே கேள்வி. போகாது என்றேன். "அப்புறம் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

நான் வங்கிக்காரன். படித்தது பி.காம். மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் எனக்கு ஆழமாகத் தெரியாது. கணக்கு கொஞ்சம் தெரியும். பெங்களூரில் பிறந்த ஒரு சின்னக் காரின் கதையை அந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கதை முழுக்க அம்மாவின் கேள்விதான் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

முதலில் முன்கதைச் சுருக்கம்.

இந்தியாவின் முதல் மின்சாரக் கார் எது என்று கேட்டால் பலரும் ரேவா என்பார்கள். அதற்கு முன்பே 1993-ல் 'லவ்பேர்ட்' என்று ஒரு கார் வந்தது. எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் ஜப்பானின் யஸ்காவா துணையோடு செய்தது. கேரளத்துச் சாலக்குடியும் நம்ம கோயம்புத்தூரும் அந்த நிறுவனத்தோடு சம்பந்தப்பட்ட ஊர்கள். இரண்டு பேர் உட்காரும் வண்டி. சில கார்கள் விற்றதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

ரேவாவின் கதை அதற்கு அடுத்த வருஷம் தொடங்குகிறது. பெங்களூரில் 1973 முதல் இயங்கிவரும் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து 1994-ல் ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனியை ஆரம்பித்தார்கள். இதன் பின்னால் இருந்தவர் சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 1990-ல் 'சன்ரன்னர்' என்ற சூரியசக்திக் கார் செய்த மாணவர் குழுவில் இருந்தவர். அந்தக் கார் அமெரிக்கப் பந்தயத்தில் முதலிடமும் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் பந்தயத்தில் மூன்றாம் இடமும் பிடித்தது. ரேவா என்பது அவருடைய தாயார் பெயர்.

ஏழு வருஷம் உழைத்து 2001-ல் ரேவாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை பொம்மசந்திராவில். ஓசூர் ரோட்டில் ஊருக்குப் போகிற தமிழர்கள் எல்லோரும் தாண்டிப் போகிற இடம். நானும் எத்தனையோ தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டியிருக்கிறேன்.

நிற்க. ரேவாவை எனக்குப் பழக்கப்படுத்தியது ஜோகுபாளையம்.

அல்சூர் ஏரிக்கும் பழைய மெட்ராஸ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பகுதி. பெங்களூரில் வேலை கிடைத்து வரும் தமிழனுக்கு யாராவது ஒருவர் "அல்சூர் பக்கம் வீடு பாருங்க" என்று சொல்லத்தான் செய்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு ரேவா. ராத்திரி பத்து மணிக்கு ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வெளியே வரும், காரின் பக்கவாட்டில் செருகிக்கொள்ளும். அயர்ன் பாக்ஸுக்கும் கீசருக்கும் போடுகிற அதே 15 ஆம்ப் சாக்கெட். காலையில் ஒயர் உள்ளே போய்விடும். தெருப் பையன்கள் அதற்கு 'செல்போன் கார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

2013-ல் எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தது. அந்த மார்ச் மாதம்தான் ரேவாவின் அடுத்த தலைமுறையான ஈ-டூ-ஓ வந்திருந்தது. எஞ்சினியர் சார் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "புதுசைப் பார்க்கிறதுக்கு முன்னாடி என்னோடதை ஓட்டிப் பாருங்க சார். அப்பதான் என்ன மாறியிருக்குன்னு தெரியும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரே நாளில் இரண்டையும் ஓட்டினேன். காலையில் பழையது, மத்தியானம் புதியது.

சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பப் போனபோது, "ஸ்டார்ட் ஆயிடுச்சு சார், மிதிங்க" என்றார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. முன்னால் போக, பின்னால் போக ஒரு திருகு குமிழ், அவ்வளவுதான். மிதித்தால் 'ங்ஙீ' என்று மெல்லிய சத்தத்தோடு நகர்கிறது.

ரேவாவின் நீளம் 2.64 மீட்டர், அகலம் 1.32 மீட்டர். மாருதி 800-ஐ விட ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் குட்டை. மூன்றரை மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் ஸ்கூட்டர் நிறுத்தி, நடுவில் தள்ளுவண்டி போய்க்கொண்டிருக்கும் எங்கள் தெருவில் அதன் அருமை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உடம்பு. துரு பிடிக்காது.

முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். அதுதான் கணக்கு. அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

சீட்டுக்குக் கீழே எட்டு பேட்டரிகள், ஒவ்வொன்றும் 6 வோல்ட், மொத்தம் 48 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற அதே ஈய-அமில வகை. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். முழு சார்ஜில் 9.6 யூனிட் மின்சாரம் பிடிக்கும். கிலோவுக்கு முப்பது, நாற்பது வாட்-மணிதான் ஈய பேட்டரியில் தேறும் என்பதால் பேட்டரி மட்டுமே கால் டன் வந்துவிடும். ஆள் ஏறுவதற்கு முன்பே நாலு பேர் எடையைச் சுமந்துகொண்டு ஓடுகிற கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் சொன்ன தூரம் 80 கிலோமீட்டர்.

மத்தியானம் ஷோரூமிலிருந்து ஈ-டூ-ஓ எடுத்தேன். நீளம் 3.28 மீட்டர், நாலு பெரியவர்கள் உட்காரலாம். ஆனால் கதவு இரண்டுதான். முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். அம்மாவுக்கு முன் சீட்டு, தங்கமணிக்கும் மகளுக்கும் பின் சீட்டு என்று மனசுக்குள் ஏற்பாடு செய்துவிட்டேன். குமிழ் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன லீவர். திடீரென்று வேகம் வேண்டுமென்றால் 'பூஸ்ட்' என்று ஒரு நிலை. ஒரு ஃப்ளைஓவர் ஏற்றத்தில் அதைப் போட்டேன், பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஏறியது. வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர் வரை. 2001-ல் வந்த முதல் ரேவா 65-தான் போகும்.

பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஈயம் போய் லித்தியம் வந்துவிட்டது. சுவாரஸ்யம் என்னவென்றால், புதிய பேட்டரியும் ஏறக்குறைய அதே 10 யூனிட்தான் பிடிக்கும். எடை மட்டும் பாதிக்கும் கீழே. முழு சார்ஜுக்கு ஐந்து மணி நேரம். வழியில் சார்ஜ் தீர்ந்தால் ஒதுக்கி வைத்திருக்கும் மின்சாரத்தைத் திறந்துவிட்டு இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டவைக்கும் ஒரு வசதியும் உண்டு. சொன்ன தூரம் 100 கிலோமீட்டர்.

ஊருக்குப் போகும் பாதையில் இதை அளந்து பாருங்கள். ஜோகுபாளையத்தில் புறப்பட்டால் பழைய ரேவா சூளகிரி தாண்டி நின்றுவிடும். புதியது கிருஷ்ணகிரி தாண்டி நின்றுவிடும். பன்னிரண்டு வருஷத்து முன்னேற்றம் இந்தக் கணக்கில் இருபது கிலோமீட்டர். எங்கள் ஊர் திருச்சிக்குப் பக்கம், 345 கிலோமீட்டர். அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

இத்தனைக்கும் இதே கார் லண்டனில் நன்றாகவே ஓடியது. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது.

2003 பிப்ரவரியில் லண்டன் நகர மையத்துக்குள் கார் கொண்டுபோக நாளுக்கு 5 பவுண்ட் நெரிசல் கட்டணம் போட்டார்கள். 2005-ல் அது 8 பவுண்ட் ஆனது. மின்சாரக் காருக்கு விலக்கு. 2004-ல் ரேவா 'ஜி-விஸ்' என்ற பெயரில் அங்கே போய் இறங்கியது. வருஷத்துக்கு 250 வேலை நாள், நாளுக்கு 8 பவுண்ட் என்றால் 2,000 பவுண்ட் மிச்சம். நாலு வருஷத்தில் காரின் விலையையே கிட்டத்தட்ட எட்டிவிடும். லண்டனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஓடின. அங்கே இருக்கும் நம் மக்கள் பலர் இந்தக் குட்டிக் காரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், அது ஓசூர் ரோட்டிலிருந்து வந்தது என்று தெரியாமலே.

சிரிப்பைத் தாண்டிய பிரச்சினையும் இருந்தது. ஐரோப்பிய விதிப்படி அது கார் அல்ல, 'குவாட்ரிசைக்கிள்'. அதனால் கார்களுக்கு உரிய மோதல் சோதனை கட்டாயமில்லை. 2007-ல் டாப் கியர் இதழ் தானே ஒரு சோதனை செய்து, மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதினால் உள்ளே இருப்பவருக்குக் கடுமையான காயம் ஏற்படும் என்று வெளியிட்டது. பிரிட்டிஷ் அரசும் கவலை தெரிவித்தது. அதன்பின் வந்த ரேவா-ஐ மாடலில் பாதுகாப்பையும் மோட்டாரையும் மேம்படுத்தினார்கள். 2009-ல் லித்தியம் வைத்த ரேவாவும் வந்தது. ஆனாலும் எல்லா நாடுகளிலும் சேர்த்து ரேவா விற்றது நாலாயிரத்துச் சொச்சம்தான். 2010 மே மாதம் மஹிந்திரா 55.2 சதவீதப் பங்கை வாங்கியது. 2012-ல் பொம்மசந்திராவில் வருஷத்துக்கு 30,000 கார் செய்யக்கூடிய புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் ஈ-டூ-ஓ.

சரி, இப்போது என் வேலைக்கு வருகிறேன். கணக்கு.

டெல்லியில் ஈ-டூ-ஓ அறிமுகமானபோது சாலை விலை 5.96 லட்சம். மத்திய அரசு 2010 நவம்பரிலிருந்து மின்சார வண்டிகளுக்குக் கொடுத்துவந்த சலுகை 2012 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அடுத்த திட்டமான ஃபேம் வந்தது 2015 ஏப்ரலில். அதாவது சலுகை இல்லாத மூன்று வருஷ இடைவெளியின் நடுவில் வந்து மாட்டிக்கொண்ட கார் இது.

அப்போது நல்ல சின்ன பெட்ரோல் கார் 4 லட்சத்துக்குக் கிடைத்தது. வித்தியாசம் 2 லட்சம். பெட்ரோல் லிட்டர் 70 ரூபாய், மைலேஜ் 15 என்று வைத்தால் மாதம் 800 கிலோமீட்டருக்கு 3,733 ரூபாய். மின்சாரம் யூனிட் 6 ரூபாய், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட் என்றால் 576 ரூபாய். மாதம் 3,157 ரூபாய் மிச்சம்!

இரண்டு லட்சத்தை 3,157-ஆல் வகுத்தால் 63 மாதம். ஐந்தே கால் வருஷத்தில் கூடுதல் பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு லட்சமும் கடன். பத்தரை சதவீத வட்டியைச் சேர்த்தால் ஏழே முக்கால் வருஷம். அதற்குள் பேட்டரிக்கு வயசாகிவிடும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் முழித்தார்கள். பேட்டரி எத்தனை வருஷம் வரும், மாற்ற எவ்வளவு ஆகும், அந்த ரிஸ்க் யார் தலையில்? லண்டனில் நகர நிர்வாகம் நெரிசல் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, மறைமுகமாக ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. இங்கே அந்தச் சமயத்தில் முழுசாக வாங்குபவர் தலையில்தான் விழுந்தது.

மஹிந்திரா இதைப் புரிந்துகொண்டு 2014-ல் ஒரு வழி செய்தது. காரின் விலையிலிருந்து பேட்டரியைப் பிரித்துவிட்டு, மாதம் 800 கிலோமீட்டர் வரை 2,599 ரூபாய் வாடகை. என் கணக்கில் மிச்சமாகும் 3,157-லிருந்து கழித்தால் 558 ரூபாய் லாபம். லாபம் சின்னதுதான், ஆனால் பேட்டரிக் கவலை உங்களுடையது இல்லை. நல்ல யோசனை. ஜனங்களுக்குத்தான் பிடிபடவில்லை. "கார் என்னுது, பேட்டரி உங்களுதா?" என்று கேட்டார்கள்.

ஜனங்களை மட்டும் சொல்லி என்ன? என்னையே சொல்ல வேண்டும்.

அந்தச் சமயம் நான் இருந்த கிளையில் ஒரு பள்ளி ஆசிரியை இந்தக் காருக்குக் கடன் கேட்டு வந்தார். சம்பளம், வயசு, பழைய கடன் வரலாறு எல்லாம் சுத்தம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர். சொந்த வீடு, கார் நிறுத்த இடம், சாக்கெட் எல்லாம் உண்டு. இந்தக் காருக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். நான் ஃபைலில் எழுதியது: "மறுவிற்பனை மதிப்பு நிச்சயமில்லை, கூடுதல் முன்பணம் தேவை." வண்டியின் பேரில் கொடுக்கும் கடன், வண்டியை விற்றால் என்ன வரும் என்று தெரியாது, அதனால் எழுதினேன். விதிப்படி சரி. அவர் யோசித்துவிட்டு ஒரு மாதம் கழித்து பெட்ரோல் காருக்கு மனு கொடுத்தார். அதற்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்டேன்.

பழைய மின்சாரக் காருக்கு விலை ஏன் நிச்சயமில்லை? வாங்க ஆளில்லை. ஏன் ஆளில்லை? ரோட்டில் கார்களே குறைவு. ஏன் குறைவு? என்னைப் போன்ற ஆட்கள் எழுதிய குறிப்புகளும் ஒரு காரணம். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

சரி, நான் என்ன வாங்கினேன்? பெட்ரோல் கார்தான். "தீபாவளிக்கு ஊருக்குப் போகணும் இல்ல" என்று தங்கமணியும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னபிறகு என்ன செய்ய?

ஈ-டூ-ஓவுக்கு 2016 அக்டோபரில் நாலு கதவோடு 'பிளஸ்' என்று ஒரு அண்ணன் வந்தார். தனி ஆட்களை விட டாக்ஸி நிறுவனங்களிடம்தான் அதிகம் கண்ணில் பட்டது. மோதல் பாதுகாப்பு விதிகள் இறுகிய 2019-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். சேத்தன் மைனி அதற்கு முன்பே வெளியே வந்து, 2017-ல் பேட்டரியை மாற்றிக்கொடுக்கும் சன் மொபிலிட்டியை ஆரம்பித்திருந்தார். காரைச் செய்தவரே கடைசியில் பேட்டரிப் பிரச்சினைக்குத்தான் வந்து சேர்ந்தார் பாருங்கள்.

2023 ஏப்ரலில் எம்.ஜி. காமெட் வந்தது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், இரண்டு கதவு, நாலு பேர். ரேவாவின் சாயல் அப்படியே தெரிந்தது. 17.3 யூனிட் பேட்டரி, சொன்ன தூரம் 230 கிலோமீட்டர், ஆரம்ப விலை 7.98 லட்சம். 2024 செப்டம்பரில் அதையே பேட்டரி இல்லாமல் 4.99 லட்சத்துக்கு அறிவித்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் வாடகை என்றார்கள். படித்ததும் எழுந்து போய்ப் பழைய டைரியை எடுத்தேன். 2014-ல் 800 கிலோமீட்டருக்கு 2,599 என்றால் கிலோமீட்டருக்கு மூன்றேகால் ரூபாய். அதே யோசனை பத்து வருஷம் கழித்து. இந்தத் தடவை யாரும் "பேட்டரி உங்களுதா?" என்று சிரிக்கவில்லை.

போன வருஷம் என் பெட்ரோல் காரை விற்றுவிடலாம் என்று சர்வீஸ் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் 71,000 கிலோமீட்டர். டோல் சீட்டுகளையும் டைரியையும் வைத்துப் பார்த்தால் காரில் ஊருக்குப் போனது மொத்தம் பதினாறு தடவை. மற்ற தடவைகளில் ரயில்தான். தீபாவளிக் கூட்டத்தில் கிருஷ்ணகிரி டோலில் மணிக்கணக்கில் நின்ற அனுபவம் ஒரு தடவை போதாதா! போய்வர 700 என்று வைத்தால் 11,200 கிலோமீட்டர். மிச்சம் 59,800-ம் பெங்களூருக்குள், நாளுக்கு 15 கிலோமீட்டர். பழைய ரேவாவின் 80-ல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நூற்றுக்குப் பதினாறு பங்குக்காக, மிச்ச எண்பத்துநாலுக்கும் பெட்ரோல் ஊற்றியிருக்கிறேன். வேறு ஊரில் பிழைக்கிற நாம் கார் மட்டுமல்ல, வீடு, பீரோ, பாத்திரம்வரை எதையும் இப்படித்தான் வாங்குகிறோம். ஊரிலிருந்து எல்லோரும் வந்தால் வேண்டுமே, ஊருக்குப் போனால் வேண்டுமே என்று. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம். நான் எண்ணவில்லை.

அம்மா இப்போது எங்களோடு ஜோகுபாளையத்தில்தான் இருக்கிறார். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. அடுத்த கார் மின்சாரக் கார்தான் என்று முடிவாகி, போன வாரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை அம்மா எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "இது சேலம் தாண்டிப் போகும்மா. நடுவுல ஒரு தடவை சார்ஜ் போட்டா ஊருக்கே போயிடலாம்."

"போயி?" என்றார் அம்மா. "அங்க இப்ப யாரு இருக்கா?"

பி.கு.: தூரக் கணக்கெல்லாம் நிறுவனங்கள் சொன்னவை. ஏசி, ஏற்றம், டிராஃபிக் எல்லாம் சேர்ந்தால் எந்தக் காராக இருந்தாலும் குறையும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன் வீட்டு ஓனரைப் பாருங்கள். கீழே 15 ஆம்ப் சாக்கெட் போட்டுக்கொள்ள, உங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க அவர் சம்மதிக்க வேண்டும். எங்கள் ஓனரிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது :-)